பன்னிரண்டு கட்டம், பதினாறு எண்

மேஸ்திரிக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது. மூட்டை சுமந்து வந்த வலி அல்ல அது. மூட்டை சுமந்து இடுப்பு போனவர்கள் அந்தச் சிமென்ட் கிடங்கில் பதினொரு பேர் இருந்தார்கள்; அவர்கள் அதைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை. இவருக்கு வந்தது எழுத்து வலி. காலை எட்டு மணியிலிருந்து ஒரு மூட்டையின் மேல் அட்டையைப் போட்டு, அதன்மேல் குனிந்து, பன்னிரண்டு படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். மேஸ்திரியான இந்த மூன்று வருடத்தில் அவர் முதுகு வளைந்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமைதோறும் கம்பெனி மொத்தக் கூலியையும் அவர் கையில் கொடுக்கும். ஆளுக்கு மூவாயிரம். அதில் நூற்றுக்கு ஐந்து பிடித்துக்கொண்டு மிச்சத்தைப் பிரித்துக் கொடுப்பார். அந்த ஐந்துக்கு அவர் வைத்திருந்த பெயர் பார்வைக் கூலி. அவனவன் தன் தலைமேல் இருக்கும் மூட்டையை மட்டும் பார்க்கிறான், தானோ பதினொரு தலையையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது அவர் நியாயம். பார்ப்பதற்கு வசதியாக நிழலில் ஒரு நாற்காலியும் போட்டுவைத்திருந்தார்.

புதிதாக வந்த மேலாளர், இனிமேல் கூலி அவரவர் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும் என்று அறிவித்ததும் மேஸ்திரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நேராகப் போகிற காசில் எந்த இடத்தில் கையை விடுவது? இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டார். எல்லோருடைய படிவத்தையும் தானே நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும். நிரப்பிக் கொடுத்தவனிடம் ஒரு பயம் இருக்கும். சனிக்கிழமை பணம் எடுக்கும் மெஷின் வாசலில் போய் நின்றால் ஐந்து தானாகக் கைக்கு வரும்.

படிவத்தில் ‘கணக்கு எண்’ என்று போட்டு, பக்கத்தில் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. எல்லோரும் கார்டை எடுங்கள் என்றார்.

அந்தக் கூட்டத்தில் உயரமாக இருந்ததால் நெட்டை என்று பெயர் வாங்கியவன் கார்டோடு பாஸ்புக்கையும் நீட்டினான்.

"மேஸ்திரி, இதுலயும் ஒரு நம்பர் போட்டிருக்கு. பன்னெண்டு இலக்கம். கட்டத்துக்குச் சரியா இருக்கே."

மேஸ்திரி பேனாவை மூடிவைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். நெட்டையை ஏற இறங்கப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"ஏன்டா, மெஷின்ல பணம் எடுக்கப் போறப்ப எதைச் சொருகுற?"

"கார்டைங்க."

"பாஸ்புக்கைச் சொருகுவியா?"

"மாட்டேங்க."

"அப்புறம் என்ன? பணம் எந்த வழியா வெளிய வருதோ, அந்த வழியாத்தான் உள்ள போகும். பாஸ்புக் வெறும் பெருமைக்கு. பொண்டாட்டிகிட்ட காட்டிட்டுப் பெட்டியில வை."

நீங்கள் சொன்னால் சரிதான் என்று நெட்டை பாஸ்புக்கைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

கார்டில் இருந்ததோ பதினாறு எண். கட்டமோ பன்னிரண்டு. மூளையை நம்பிப் பிழைக்கிற வேறொருவனாக இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றிருப்பான். மேஸ்திரி நிற்கவில்லை. பன்னிரண்டு கார்டுகளையும் சீட்டுக்கட்டுபோல் மூட்டையின் மேல் பரப்பினார். எல்லோரும் ஒரே வங்கியில், ஒரே வாரத்தில் கணக்குத் தொடங்கியவர்கள். எல்லாக் கார்டிலும் முதல் ஆறு எண்கள் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தன.

"பாத்தீங்களாடா? இது பேங்கோட குடும்பப் பேரு. எல்லாருக்கும் பொது. பொதுவுல நாலை வெட்டிட்டா மிச்சம் பன்னெண்டு. கச்சிதமா உக்காரும்."

பொதுவாக இருந்தது ஆறு, வெட்டியது நாலு. மீதி இரண்டு எப்படித் தப்பித்தன என்று யாரும் கேட்கவில்லை. வாயே திறக்காததால் கோட்டான் என்று கூப்பிடப்பட்டவன் மட்டும் தலையைச் சொறிந்தான். சொறிகிறதுக்கு இங்கே கூலி கிடையாது என்றார் மேஸ்திரி.

முதல் சனிக்கிழமை. மெஷின் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முதலில் உள்ளே போய்ப் பார்த்தபோது திரையில் பழைய நானூற்றுச் சொச்சம்தான் இருந்தது. அடுத்தடுத்துப் போன பதினொரு பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். எங்களுக்கும் வரலீங்க என்றான் நெட்டை. கோட்டான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

திங்கட்கிழமை மேஸ்திரி அலுவலகத்துக்குப் போனார். கணக்கு எழுதும் பெண் பில்களுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்பர் தப்புங்க மேஸ்திரி. உங்க பாஸ்புக்கை எடுத்துட்டு வாங்க, நான் மாத்திடறேன். மத்தவங்க எல்லாம்..."

"மத்தவங்களை விடும்மா. அவங்களுக்கு நான் பொறுப்பு."

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கிடங்கில் அவள் ஆரம்பித்த வாக்கியம் எதையும் ஆண்கள் முடிக்கவிட்டதில்லை. மிச்சத்தை ரப்பர் பேண்டு போட்டு உள்ளேயே வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

மேஸ்திரியின் கவலை வேறு. கூலி வராத ஆள் எத்தனை நாள் மூட்டை தூக்குவான்? அடுத்த தெருக் கிடங்கில் வேறொரு மேஸ்திரி ஆளுக்கு அலைந்துகொண்டிருந்தான். பதினொரு பேரும் அங்கே போய்விட்டால் நாற்காலியில் உட்கார்ந்து இவர் எதைப் பார்ப்பது? அதனால் கூலி வருகிறவரைக்கும் ஆளுக்கு வாரம் ஆயிரத்தைந்நூறு தன் கையிலிருந்து முன்பணம் தருவதாகச் சொன்னார். கையில் இல்லை, மனைவியின் கழுத்தில் இருந்தது.

மனைவி வீட்டில் துணி தைத்துக் கொடுப்பவள். சங்கிலியைக் கழற்றுவதற்கு முன், ஆபீஸில் பாஸ்புக்கைத்தானே கேட்கிறார்கள், பீரோவில்தான் இருக்கிறது, எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். தையல் மெஷினை மிதிக்கிறவளுக்குப் பேங்கு சமாச்சாரம் எதற்கு என்று கேட்டுவிட்டு மேஸ்திரி அடகுக் கடைக்கு நடந்தார்.

அன்று சாயங்காலம் பதினொரு பேரும் வரிசையில் நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். நெட்டைக்குக் கண் கலங்கியேவிட்டது.

"உங்களை மாதிரி ஒரு மேஸ்திரி எந்தக் கிடங்குலயும் கிடையாதுங்க."

மேஸ்திரிக்கு இடுப்பு வலிகூடக் குறைந்தது. கம்பெனி போட்ட கூலியில் ஐந்தைப் பிடித்தபோது கிடைக்காத மரியாதை, தன் காசைக் கொடுத்தபோது கிடைத்தது. அதன் விலை என்ன என்று அப்போது அவர் கணக்குப் பார்க்கவில்லை.

இரண்டாவது வாரம், வெட்டியதுதான் தப்பு என்று முடிவு செய்தார். பதினாறையும் முழுசாகக் கொடுத்துவிட்டால் வங்கிக்காரன் வேண்டியதை எடுத்துக்கொள்வான். மறுபடியும் எல்லோரிடமும் கார்டு கேட்டார். முதலில் உங்களுடையது சரியாகட்டும், அதைப் பார்த்து எங்களுடையதை மாற்றிக்கொள்கிறோம் என்று நெட்டை பணிவாகச் சொன்னான். தலைவனுக்குத்தானே முதல் இடம் என்று மேஸ்திரியும் எடுத்துக்கொண்டார். தன் கார்டை முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம் எடுத்து, கிடங்கின் போன் குழுவில் போட்டார். ‘அக்கவுண்ட் டிபார்ட்மென்ட் கவனத்துக்கு’ என்று கீழே எழுதினார். அந்தக் குழுவில் லாரி டிரைவர்கள், எடை போடுகிறவர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று நூற்று நாற்பது பேர் கவனத்தோடு இருந்தார்கள்.

அரை மணி நேரத்தில் நானூற்றுச் சொச்சமும் முகம் தெரியாத ஒருவன் போனுக்கு ரீசார்ஜ் ஆகிவிட்டது. வங்கியிலிருந்து கூப்பிட்டு, கார்டை முடக்கிவிட்டோம், புதுசு அனுப்புகிறோம் என்றார்கள். சனிக்கிழமை கூலி வரவில்லை. முன்பணம் போயிற்று.

மூன்றாவது வாரம் புதுக் கார்டு வந்தது. மேஸ்திரி உறையைக் கிழித்துப் பார்த்தார். எண் வேறாக இருந்தது. ஆக, பழைய கணக்கை மூடிவிட்டார்கள். உள்ளே விழுந்த கூலியைப் பூட்டிவிட்டார்கள். நேராக வங்கிக்குப் போய்க் கண்ணாடித் தடுப்பின் முன்னால் நின்று நியாயம் கேட்டார்.

கணக்கு அதேதான் என்றார் உள்ளே இருந்தவர்.

"நம்பர் மாறியிருக்குதே. எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

"அது கார்டு நம்பருங்க."

"கார்டுதானே கணக்கு?"

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பதில் சொல்ல முடியாமல் வாயடைத்துப் போய்விட்டான் என்று மேஸ்திரி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். புதுக் கார்டின் பதினாறு எண்ணையும் ஒரு தாளில் பெரிசாக எழுதினார். சாப்பாட்டு நேரமானதால் கணக்குப் பெண் இல்லாத மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லும் வைத்துவிட்டு வந்தார். சங்கிலி இரண்டு வாரம் தாங்கியது. மூன்றாவது வாரத்துக்கும் நாலாவது வாரத்துக்கும் வளையல்கள் போயின.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். மொட்டைக் கையால் பீரோவைத் திறந்து பாஸ்புக்கை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"கிடங்குப் பூட்டோட சாவியில ஒரு நம்பர் அடிச்சிருக்குமா இல்லையா?"

"இருக்கும்."

"கிடங்குக்குன்னு ஒரு நம்பர் கதவுல எழுதியிருக்குமா இல்லையா?"

"இருக்கும். அதுக்கென்ன இப்ப?"

"லாரிக்காரன்கிட்ட எந்த நம்பரைச் சொல்லி லோடு அனுப்பச் சொல்லுவீங்க? சாவி தொலைஞ்சா வேற சாவி, வேற நம்பர். கிடங்கு அங்கயேதானே நிக்குது? கார்டு சாவி. இது கிடங்கு. சாவி நம்பரை எழுதிக் குடுத்துட்டு லோடு வரலை, லோடு வரலைன்னு ஒரு மாசமா என் நகையை வித்துச் சோறு போடறீங்க ஊருக்கு."

மேஸ்திரி பாஸ்புக்கைப் பிரித்து, எண்ணின் மேல் விரலை வைத்து எண்ணினார். பன்னிரண்டு இலக்கம். கட்டத்துக்குச் சரியாக இருந்தது. இதைத்தான் தானும் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்ததாகவும், அவள் முந்திக்கொண்டதாகவும் சொன்னார். அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். விற்கவில்லை, அடகுதான் வைத்திருக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தார். மெஷின் இன்னும் வேகமாக ஓடியது.

திங்கட்கிழமை காலை கணக்குப் பெண் அரை நிமிடத்தில் எண்ணைத் தட்டி முடித்தாள். வருகிற சனிக்கிழமை அவருடைய நாலு வாரக் கூலியும் சேர்ந்து ஏறிவிடும் என்றாள்.

மேஸ்திரிக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிர் உடனே கணக்குப் போட்டது. பதினொரு பேருக்கும் இப்படியே மாற்றிவிட்டால் அவர்களுக்கும் நாலு வாரம் மொத்தமாக விழும். ஆளுக்கு ஆறாயிரம் முன்பணம் திரும்பி வந்தால் அறுபத்தாறாயிரம். சங்கிலி வந்துவிடும், வளையல் வந்துவிடும். விட்டுப்போன நாலு வாரப் பார்வைக் கூலியையும் அதே மூச்சில் பிடித்துவிடலாம். அலைந்த அலைச்சலுக்கு நூற்றுக்கு ஆறாகப் பிடித்தால்கூட எவன் கேட்பான்?

"இன்னும் பதினொரு ஃபாரம் குடும்மா. மத்தவங்களுக்கும் நானே சரியா எழுதித் தந்துடறேன்."

அவள் நிமிர்ந்தாள். குறுக்கே பேசுவாரா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவர் உதடு அடகு வட்டியைக் கூட்டிக்கொண்டிருந்ததால் பேசவில்லை.

"அவங்களுக்கு எதுக்குங்க ஃபாரம்? நீங்க ஃபாரம் குடுத்த அன்னிக்குச் சாயங்காலமே பதினொரு பேரும் பாஸ்புக்கோட வந்து மாத்திட்டாங்க, முதல் வாரத்துல இருந்தே கூலி சரியா ஏறிட்டிருக்கு. நீங்க குடுத்த ஆறாயிரத்தை மூணு வருஷம் நீங்க பிடிச்ச காசுல கழிச்சு, மிச்சம் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லச் சொன்னாங்க. லீவு வாரத்தையெல்லாம் விட்டுட்டுத்தான் பார்த்தேன், நீங்க இன்னும் ஆளுக்குப் பதினாறாயிரத்து ஐந்நூறு தரணும்."