கழிவு ஒயிலுக்கு ஒன்பது பீப்பாய்

எண்ணத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று அறுபத்தெட்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது எழுபத்துநாலு. அந்த நம்பிக்கை போய் ஆறு வருடம்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். கோயிலுக்குப் போனால் தூண்களை எண்ணுவேன். மனைவி யோகம் இடியப்பம் வைத்தால் அதையும் எண்ணுவேன். (குறை பிடிக்க அல்ல. சும்மா.) ஆகவே கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக் கிணறு ஒன்றில் ஒயில் படலம் மிதந்தபோது, ஊர்ச் சங்கம் என்னைத்தான் தேடி வந்தது.

எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்விடும். வாகனம் திருத்தும் கராச்சுகளில் வடிக்கும் கழிவு ஒயிலை ஏற்றிப்போய்ப் பாதுகாப்பாக அழிக்க ஒரு கம்பனி சம்மதித்திருந்தது. மாதம் எவ்வளவு சேரும் என்று முதலே சொல்லவேண்டும். லொறி வெறுமையாகத் திரும்பினால் பிறகு வராது.

இரண்டு கிழமை சைக்கிளில் அலைந்தேன். பதினொரு கராச். ஒவ்வொன்றிலும் ஏழு கேள்வி. சராசரி, ஒரு கராச்சுக்கு நாளுக்கு ஆறு லீற்றர். பதினொன்றாலும் இருபத்தாறு வேலைநாளாலும் பெருக்க ஆயிரத்து எழுநூற்றுப் பதினாறு. இருநூறு லீற்றர்ப் பீப்பாயில் எட்டரைக்குச் சற்று மேல். ஒன்பது என்று எழுதிச் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டேன்.

ஒரு மாதம் சேர்த்துவைக்கும்படி கராச்சுகளுக்குச் சொல்லியாயிற்று. லொறி வந்த காலை வெள்ளை வேட்டியோடு போய் நின்றேன். ஒன்பது பீப்பாய்களை இறக்கினார்கள். பதினொரு கராச்சும் கொண்டுவந்து ஊற்றிய பிறகு முதலாவதே பாதி நிறையவில்லை.

லொறிச் சாரதி பீப்பாய்க்குள் தடியை விட்டுப் பார்த்தார். "ஐயா, உதுக்கு லொறி வேண்டாம். சைக்கிளே காணும்."

ஒழுங்கை முகப்பில் கராச் வைத்திருக்கும் ராசன் என்னிடம் படித்தவன். அவனைப் பிடித்தேன். "மிச்ச ஒயில் எங்கையடா?"

"எங்கை மாஸ்ரர் நிக்குது? சனம் போத்தலோடை வந்து கேக்குது. கூரை மரத்துக்குப் பூச, கறையானுக்கு ஊத்த. இல்லையெண்டு சொல்லேலுமோ?"

"முதலே ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் எவ்வளவு வடியுது எண்டுதானே கேட்டனியள். ஆர் கொண்டுபோறது எண்டு கேக்கேல்லையே."

ஏழு கேள்வி கேட்டவன் எட்டாவதைக் கேட்கவில்லை! ஆத்திரத்தில் கணக்குக் கொப்பியைத் திறந்தேன். "பேரைச் சொல்லு. ஆகக் கூட எடுக்கிறது ஆர்?"

"விடுங்கோ மாஸ்ரர்."

"சொல்லடா!"

அவன் நிலத்தைப் பார்த்தான். "யோகம் அக்கா."

"எந்த யோகம்?"

பக்கத்தில் நின்ற சங்கத் தலைவர் இருமினார். (எங்கள் ஒழுங்கையில் ஒரே யோகம்தான்.)

வீட்டுக்கு ஓடினேன். கிணற்றுக்கட்டோடு சாய்ந்து ஒரு நீலப் பிளாஸ்டிக் கான் நின்றது. வாளிகளை எண்ணி எண்ணிக் குளிக்கிறவன் கண்ணில் அது ஒருநாளும் படவில்லை.

"உதென்னப்பா?"

"ஒயில். அலுமாரிக்குள்ளை உங்கடை கணக்குக் கொப்பியளைக் கறையான் தின்னுது எண்டு நீங்கள் படுற பாடு பாக்கேலாமல், மூண்டு வருசமா அதின்ரை காலுக்குப் பூசிறன்."

மூன்று வருடம்! கொப்பிக்கு எட்டு வேப்பிலை வீதம் நான் வைத்ததுதான் காக்கிறது என்று ஊரெல்லாம் பீற்றித் திரிந்தேனே.

"லொறி திரும்பப் போகுது. இனி வராது," என்றேன். கிணறுகள் கண்ணுக்குள் நின்றன.

யோகம் என்னை ஒருதரம் பார்த்தாள். கானைத் தூக்கினாள்.

"தாரும், நான் தூக்கிறன்."

"வேட்டி ஊத்தையாகும். விடுங்கோ."

ஒழுங்கை நெடுக நடந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நின்றாள். "பிள்ளையள், ஒளிச்சு வைச்சிருக்கிறதைக் கொண்டாங்கோ! ஆகக் கூட எடுத்தனான் நான். எனக்கே வெக்கமில்லை, உங்களுக்கென்ன?"

சோடாப் போத்தல்களும் பால்மா ரின்களும் வாளிகளும் வெளியே வந்தன. ஒரு வாளி தலைவர் வீட்டிலிருந்து. (இப்போது நான் இருமினேன்.) மத்தியானத்துக்குள் முதற் பீப்பாய் நிறைந்து, இரண்டாவதும் பாதியானது.

சாரதி சிரித்தார். "சரி, அடுத்த மாசமும் வாறன். ஆனால் கணக்கை அக்கா சொல்லட்டும்."

இன்றுவரை அவள்தான் சொல்கிறாள். எழுதுவதில்லை, பெருக்குவதில்லை. மாலையில் ஒழுங்கையில் நின்று நாலு பேரோடு கதைத்துவிட்டு வந்து "நாலு பீப்பாய்" என்பாள். நாலுதான் சேரும். விருந்துக்கு எத்தனை கொத்து அரிசி என்று நான் வாய் திறந்தாலே, கனடாவிலிருந்து மகள் தொலைபேசியில், "அப்பா, எட்டாம் கேள்வி கேட்டாச்சோ?" என்கிறாள்.

ஒயில் நின்றதும் கறையான் வந்தது. முதலில் தின்றது ஒன்பது பீப்பாய் எழுதிய கொப்பியை. மிஞ்சிய கொப்பிகளைப் போன கிழமை எடுத்து எண்ணினேன். முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் பத்து வேப்பிலை இருந்தது. இரண்டு இலை பச்சையாக.

நான் வைத்தது எட்டு. மற்ற இரண்டையும் வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை.