புள்ளிக்கோட்டில் ஏறிய கார்

கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு மலையைப் பற்றி ஒரு துணிச்சல் உண்டு. மலையை அறியாததால் வருகிற துணிச்சல் அது. ஊரின் பெயரிலேயே மலை இருப்பதால் திருகோணமலைக்காரருக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதல். கோயிலுக்கு ஏறுகிற பாறையை மலை என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். ஏறினால் வியர்க்கும், மேலே காற்று வரும், சுற்றிலும் கடல் தெரியும், இறங்கி வந்து சர்பத் குடிக்கலாம். மலை என்றால் அவ்வளவுதான் என்று முப்பது வயது வரைக்கும் நான் நினைத்திருந்தேன்.

வெட்கக்கேடு என்னவென்றால், அந்த முப்பது வயதில் நான் ஒரு பெண்கள் பாடசாலையில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். (அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு.) இமயமலை எப்படி உண்டானது என்று கரும்பலகையில் கீறிக் காட்டுவேன். அந்தீசு, அல்ப்சு எல்லாம் விரல் நுனியில். நுவரெலியாவை மட்டும் நேரில் கண்டதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஓகஸ்ட் விடுமுறை. கச்சான் காற்று, அடுப்பைத் திறந்துவிட்டதுபோல வீசிக்கொண்டிருந்தது. வீட்டுச் சுவரில் கை வைத்தால் சுட்டது. துறைமுகத்து அலுவலகம் ஒன்றில் கிளாக்கராக இருந்த என் கணவருக்கு லீவு கிடைத்தது. அவருடைய சிநேகிதர் ஹனீபா கிண்ணியாக்காரர். நகரத்தில் புடவைக் கடை வைத்திருந்தார். தன்னுடைய சின்னக் காரைக் கொஞ்ச நாளுக்குத் தருவதாக அவர் சொன்னதும், எங்கேயாவது குளிரான இடத்துக்குப் போவோம் என்றார் இவர். பயணத்தைத் திட்டமிடுகிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கணவர் சந்தோசமாகக் கொடுத்தார். வீட்டில் ஒரு புவியியல் ஆசிரியை இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பது?

கந்தளாய், தம்புள்ளை, மாத்தளை, கண்டி, நுவரெலியா. இது எல்லோரும் போகிற வழி. எனக்கு அது போதவில்லை. ஆட்கள் அதிகம் போகாத, காட்சிகள் நிறைந்த வழியாகப் போக வேண்டும் என்று பிடிவாதம். பாடசாலையில் இருந்த இடவிளக்கப் படங்களை அதிபரிடம் கேட்டு எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அந்தக் கிழமை முழுவதும் நாங்கள் நிலத்தில் இருந்துதான் சாப்பிட்டோம்.

கடைசியில் கண்டுபிடித்தேன். மாத்தளையிலிருந்து ரத்தோட்டைப் பக்கம் திரும்பி, மலைக்குள் ஏறி, ஒரு முகட்டைக் கடந்து மறுபக்கம் கண்டிக்கு இறங்குகிற ஒரு வழி. நூலை வைத்து அளந்து பார்த்தேன். தூரமும் அதிகமில்லை. (வளைவுகளுக்கெல்லாம் நூல் வளைந்து கொடுக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.) ஒரேயொரு சிக்கல் இருந்தது. அந்த வழி இரட்டைக் கோடாகத் தொடங்கி, ஒற்றைக் கோடாக மெலிந்து, முகட்டுக்குக் கிட்ட வெறும் புள்ளிக்கோடாகியது. புள்ளிக்கோடு என்றால் நடைபாதை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் அந்தப் படம் வெள்ளைக்காரன் காலத்தில் கீறியது. சுதந்திரம் கிடைத்து இவ்வளவு காலத்தில் புள்ளிகளெல்லாம் ஒன்று சேர்ந்து கோடாகியிருக்கும் என்று நான் முடிவு செய்தேன்.

இவர் மேசைக்கு வந்து ஒரு நிமிடம் படத்தைப் பார்த்தார்.

"வடிவாத் தெரியும்தானே உமக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

என் கணவருடைய கார் ஓட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் நல்ல சாரதி. ஆனால் நேரே ஓடுகிற சாரதி. நிலாவெளி றோட்டில் இறக்கக்கண்டி வரைக்கும் போய் வந்து பழகியவர். அந்த றோட்டில் மாடு, ஆடு, மீன் ஏற்றிய சைக்கிள் தவிர வேறு தடை கிடையாது. காரைத் திருப்ப வேண்டுமென்றால் வெட்டையான ஓர் இடத்தில் இறக்கி, கப்பல் திரும்புவதுபோலப் பெரிய வட்டமாகத் திருப்புவார். பின்னுக்கு எடுப்பது என்ற காரியம் அவர் வாழ்க்கையில் தேவைப்படவே இல்லை. நான் இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் என் பெரிய மச்சாள் பெட்டியோடு வந்து இறங்கினார். இவருடைய அக்கா, பூரணம் என்று பெயர். நல்ல சரீரம், அதைவிட நல்ல மனம். காரில் ஏறினாலே அவருக்குத் தலைசுற்றும். ஆனால் தம்பியைத் தனியே மலைக்கு அனுப்ப அதைவிடப் பயம். (நான் கூடப் போவது அவருடைய கணக்கில் தனியே போவதுதான்.) தலைசுற்றுக்குக் கடிக்க ஒரு பை நிறையப் புளிக்கிற தேசிக்காய், வாழையிலையில் கட்டிய புட்டு, பொரித்த மீன், ஊரில் ஒருவருக்கும் தேவைப்படாத ஒரு கம்பளி, எல்லாம் கொண்டு வந்திருந்தார்.

காலையில் ஹனீபா வந்து சாவியைக் கொடுத்தார்.

"காருக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை டீச்சர், நீங்க மூணு பேரும் சுகமா வந்து சேருங்க" என்றார்.

வாய் அப்படிச் சொன்னாலும் கை காரின் முகப்பைத் தடவிக்கொண்டிருந்தது.

மாத்தளை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ரத்தோட்டை தாண்டி ஏற்றம் தொடங்கியது. முதலாவது ஊசிவளைவில் மச்சாள் ஒரு தேசிக்காயைக் கடித்தார். இரண்டாவதில், "கண்டி வந்தாப்போலை சொல்லுங்கோ" என்று கண்ணை மூடினார். பிறகு திறக்கவில்லை.

நான் மட்டும் சொர்க்கத்தில் இருந்தேன். சரிவு முழுக்கத் தேயிலை, நடுவே வெள்ளை நூலாக அருவி, முகத்தில் குளிர்காற்று. "பாருங்கோ, இது ஒடுங்கிய பள்ளத்தாக்கு, அது முகடு" என்று கண் மூடிய மச்சாளுக்கும் றோட்டை மட்டுமே பார்த்த கணவருக்கும் பாடம் நடத்திக்கொண்டு வந்தேன். இதையெல்லாம் தேடிக் கண்டுபிடித்தவள் நான் என்ற பெருமை வேறு.

பிறகு தார் முடிந்து கல்றோட்டு வந்தது. கல்லும் முடிந்து, இரண்டு சில்லுத் தடமும் நடுவே புல்லும் வந்தது. புல் காரின் அடியைச் சீப்புப்போல வாரியது. வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் மண்மேடு, இடையில் காரின் அகலத்துக்குச் சரியாகப் பாதை. முகில் இறங்கி வந்து யன்னலால் காருக்குள்ளேயே ஏறியது. நான் பாடத்தை நிறுத்தியிருந்தேன்.

ஒரு திருப்பத்தில் இவர் பிறேக்கை அமுக்கினார். முன்னால் பாதை இருந்தது. ஆனால் அது படிக்கட்டாக மாறியிருந்தது. கருங்கல்லை வெட்டி அடுக்கிய ஒழுங்கான படிகள், முகிலுக்குள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. அதுதான் புள்ளிக்கோடு. ஒவ்வொரு புள்ளியையும் கண்ணால் கண்டேன்.

இவர் நெடுநேரம் அந்தப் படிகளைப் பார்த்தார். பிறகு, கோபமே இல்லாமல், "இதாலை ஏறச் சொல்லுறீரோ?" என்று கேட்டார்.

திருப்ப இடமில்லை. பின்னுக்குத்தான் எடுக்க வேண்டும். என் கணவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின்னுக்கு ஓடக் கற்றுக்கொள்ளத் தேர்ந்தெடுத்த இடம் அது. (தேர்ந்தெடுத்தவள் நான்.) கொஞ்சத் தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு வலது பின்சில்லு விளிம்பு மண்ணை உடைத்துக்கொண்டு இறங்கியது. கார் ஒரு பக்கம் சரிந்து, அடி தரையில் தட்டி நின்றது. சிறு கற்கள் உருண்டு கீழே போகிற சத்தம் கேட்டது. அவை போய் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

சமவுயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்தான சரிவு என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த இடத்தில் படத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மேட்டுப் பக்கத்துக் கதவால் நான் இறங்கினேன். இவரும் இருக்கையைத் தாண்டி அதே கதவால் இறங்கினார். பின் இருக்கையில் இருந்த மச்சாளை எப்படி இறக்குவது? சின்னக் கார், பின்னுக்குத் தனிக் கதவு கிடையாது. முன்னிருக்கையை மடித்துவிட்டு நான் கையை நீட்டினேன்.

"நான் அசைய மாட்டன். அசைஞ்சாக் கார் உருளும்" என்றார் மச்சாள். கண்ணைத் திறக்கச் சொன்னதற்கு அதுவும் ஏலாது என்றார். கம்பளியைத் தலையோடு மூடிக்கொண்டு தேவாரம் பாடத் தொடங்கினார்.

கார் அசையாமலிருக்க இவர் முன்பக்க மூடியின்மேல் ஏறி உட்கார்ந்தார். என் கணவர் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். அவர் ஏறியதைக் கார் கவனித்ததாகவே தெரியவில்லை. நான் முகிலைப் பார்த்து, "ஆராவது இருக்கிறியளோ?" என்று கத்தினேன். வகுப்பறையில் பழகிய குரல் அன்றைக்கு உதவியது. கீழேயிருந்து முதலில் பெண்களின் சிரிப்பு கேட்டது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கூடைகளோடு வீடு திரும்பிய தோட்டத்துப் பெண்கள், ஒருவர் பின் ஒருவராக முகிலுக்குள்ளிருந்து வெளிப்பட்டார்கள். காரைக் கண்டு நின்றார்கள். காருக்கு மேலே உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தார்கள். ஒருத்தி கூடையைப் போட்டுவிட்டுக் கங்காணியைக் கூப்பிட ஓடினாள்.

கங்காணி ஆறேழு ஆண்களோடு வந்தார். பெரிய மீசை, பெரிய குரல்.

"இந்தப் பாதையில கார் வந்து நாங்க பார்த்ததே இல்லீங்களே. எப்படிங்க வந்தீங்க?" என்று இவரைக் கேட்டார்.

"டீச்சரைக் கேளுங்கோ" என்றார் இவர்.

மச்சாளை இறக்கவா என்று நான் கேட்டதற்கு, கங்காணி குனிந்து உள்ளே பார்த்தார். மச்சாள் மேட்டுப் பக்கமாக ஒதுங்கி, கம்பளிக்குள் மலைபோல உட்கார்ந்திருந்தார்.

"வேணாங்க. அம்மா அந்தப் பக்கம் இருக்கிறதாலதான் வண்டி நிக்குது. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்களும் சேர்ந்தார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் பக்கத்துக்குமாகக் கை கொடுத்து, கங்காணி ஒரு சத்தம் கொடுக்க, எல்லோரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். கார் மண்ணைவிட்டு எழும்பியது. சில்லு விளிம்பை விட்டு வந்தது. என் உயிரும் வந்தது. ஆனால் அவர்கள் கீழே வைக்கவில்லை. திரும்புவதற்குச் சற்று அகலமான இடம் கொஞ்சம் கீழே இருந்தது. வைத்து வைத்துத் தூக்குவதைவிட ஒரேயடியாகக் கொண்டுபோவது சுலபம் என்று, கோயில் திருவிழாவில் சாமியைக் கொண்டுபோவதுபோலக் காரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இவரும் இறங்கி ஒரு பக்கம் பிடித்திருந்தார். நான் பைகளோடு பின்னால் போனேன்.

மச்சாளின் தேவாரம் நின்றது. குலுக்கம் இல்லை, இரைச்சல் இல்லை, தலைசுற்றலும் இல்லை. கம்பளிக்குள்ளிருந்து அவருடைய குரல் நிம்மதியாக வந்தது.

"இப்பதான் தம்பி, கார் ஒழுங்கா ஓடுது."

முன்னால் பிடித்திருந்த பெண் முதலில் சிரித்தாள். அது மற்றவர்களுக்கும் தொற்றி, காரே சிரிப்பில் ஆடியது. "சிரிக்காதீங்க, கையை விட்டுறாதீங்க" என்று கத்திய கங்காணியே சிரிப்பை அடக்க முடியாமல் மீசையைக் கடித்துக்கொண்டிருந்தார். எப்படியோ அகலமான இடத்துக்குக் கொண்டுபோய், கீழ்நோக்கித் திருப்பி, மெதுவாக இறக்கி வைத்தார்கள். பிறகு றோட்டிலேயே உட்கார்ந்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் உட்கார்ந்தேன். நான் சிரித்தேனா அழுதேனா என்று இவர் பிறகு கேட்டார். எனக்கே தெரியாது.

மச்சாள் கண்ணைத் திறந்தது, ஒரு பெண் யன்னலால் சுடச்சுடத் தேத்தண்ணியை நீட்டியபோதுதான். "கண்டி வந்திட்டுதோ?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னோம். அவர் காரைவிட்டு இறங்கி, தூக்கிய ஒவ்வொருவர் கையையும் பிடித்து, கொண்டுவந்த புட்டையும் பொரித்த மீனையும் அங்கேயே பிரித்துப் பகிர்ந்து கொடுத்தார். அந்தக் குளிரில், அந்த மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதுதான் எங்களுடைய முழு மலைநாட்டுச் சுற்றுலாவும். நுவரெலியாவைப் பற்றி ஒருவரும் அதற்குப் பிறகு கதைக்கவில்லை. மாத்தளையில் தங்கி, விடிந்ததும் ஊருக்குத் திரும்பினோம்.

சீனக்குடாவில் கடலைக் கண்டதும் இவர் காரை நிறுத்தினார். மூன்று பேரும் இறங்கி நின்று பார்த்தோம். கச்சான் காற்று முகத்தில் சுட்டது. கடல் எவ்வளவு சமமாக இருந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஹனீபா கதையைக் கேட்டுக் கடைக் கதிரையில் சாய்ந்து விழுந்து சிரித்தார். காரின் அடியில் ஒரு நெளிவு மட்டும் இருந்தது. அதைத் தட்டி எடுக்க வேண்டாம், வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று விட்டுவிட்டார்.

மச்சாளுடைய வசனம் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. வேறு யாரோ பாரம் சுமக்க, நாங்கள் சுகமாக இருக்கிற நேரமெல்லாம் யாராவது ஒருவர் அதைச் சொல்லுவார். மகளின் கலியாணத்தில் சம்பந்தி வீட்டார் ஓடி ஓடி வேலை செய்தபோது இவர் என் காதில் சொன்னார். மகன் சமைத்து நான் கதிரையில் இருந்து சாப்பிட்ட அன்றைக்குப் பேரப்பிள்ளை சொன்னது. அது எந்தக் கார் என்றுகூட அதற்குத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் எனக்கு ஓர் ஒப்பரேசன் நடந்தது. தள்ளுகட்டிலில் படுக்கவைத்து நீண்ட விறாந்தையால் கொண்டுபோனார்கள். மேலே மின்குமிழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போயின. பயத்தில் கட்டில் கம்பியை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நடந்து வந்த இவர், வாசல் கிட்டியதும் குனிந்து, "கண்ணை மூடிக்கொண்டு இரும். இப்பதான் ஒழுங்கா ஓடுது" என்றார்.

கதவுக்கு உள்ளே வந்த பிறகும் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. மயக்க மருந்து கொடுக்க வந்த டொக்டர், தனக்கு முன்னாலேயே யாராவது எதையாவது கொடுத்துவிட்டார்களா என்று தாதியைக் கேட்டார்.