கியரண்ணனும் கியர் இல்லாத லொறியும்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையையும் சேர்த்துத் தேடினாலும், நடக்கும்போது கியர் மாற்றிய மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் கியரண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை விசாரித்தவர் எவரும் இல்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. நான் ஒரு நெல் ஆலையில் கணக்கெழுதும் கிளாக்கர், நெல் எடுக்க லொறியிலும் போவேன்; அவர் அங்கே லொறிச் சாரதி. ஆலை வாசலிலிருந்து எதிரே உள்ள தேத்தண்ணிக் கடைக்குப் போவதென்றாலும் முதலாம் கியரில்தான் புறப்படுவார். தொண்டைக்குள் ஒரு உறுமல் கேட்கும். இடது காலை ஒரு மிதி மிதித்து, இடது கையால் காற்றில் ஒரு தள்ளுத் தள்ளுவார், நடை வேகமெடுக்கும். அந்தக் குறுகிய ஒழுங்கை முடிவதற்குள் மூன்றாம் கியருக்கு வந்துவிடுவார். எதிரே மாமியார் வந்தால் றிவேர்ஸ். அதையும் திரும்பாமல், பின்னாலேயே நடந்து செய்வார்.

புதிதாக லொறி பழகுகிற எவனைக் கண்டாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், இடது காலைத்தான் பார்ப்பார். மாடு வாங்கப் போனவர் பல்லைப் பார்ப்பதுபோல. கிளச்சை இரண்டு தரம் மிதித்துக் கியர் மாற்றத் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய தீர்மானம். கிரான் ஊரில் ஒரு கலியாணப் பேச்சையே இதைச் சொல்லிக் குழப்பப் பார்த்தார் என்றால் பாருங்களேன்.

இப்படிப்பட்ட மனிதரின் தலையில்தான் அந்த லொறி வந்து விழுந்தது. எங்கள் முதலாளி கொழும்பில் ஏலத்தில் எடுத்து வந்தார். பட்டாளத்து லொறியாம். முன்னுக்குப் போக ஒரு தடியை ஓரிடத்தில் வைத்தால் போதும், மிச்சக் கியரெல்லாம் தானாகவே மாறிக்கொள்ளும். கிளச் என்பது மருந்துக்கும் கிடையாது.

ஆலையில் நெல் நிறுத்துக்கொண்டிருந்த செல்லத்துரை அதை ஒரே காலையில் ஓட்டப் பழகிவிட்டான். மத்தியானம் சோறு தின்னவும் அதிலேயே போய் வந்தான். கியரண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இடது கால் சும்மா கிடந்தால் சாரதிக்கு நித்திரை வரும், நித்திரை வந்தால் லொறி வாவிக்குள் போகும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஐயோ, அந்த வாயை வேறு எதற்காவது திறந்திருக்கலாம்.

முதலாளி பழைய லொறியை விற்றுவிட்டார். இனி இதை ஓட்டு, இல்லையென்றால் செல்லத்துரை ஓட்டட்டும், நீ அவனுடைய தராசடியில் நில் என்றார். இருபது வயதிலிருந்து சாரதி என்ற ஒரே பெருமையில் வாழ்ந்தவர் தராசடியில் நிற்பாரா? ஏறினார்.

முதல் நாளே இடது கால் கிளச்சைத் தேடிப்போய் பிறேக்கை மிதித்தது. பக்கத்தில் இருந்த என் மூக்கு லொறியின் முன் கண்ணாடியில் போய் அப்பியது. அதன் பிறகு இடது காலை ஆசனத்தின் மேல் சம்மணமாக மடித்து வைத்துக்கொண்டு ஓட்டினார். லொறி தன்பாட்டில் கியர் மாறும். இவர் வாயால் உறுமி, கையால் காற்றில் தள்ளி, தான்தான் மாற்றியதாக வைத்துக்கொள்வார். பார்க்கிறவனுக்குச் சிரிப்பு, அவருக்கு அது மானப் பிரச்சினை.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நெல் ஏற்றிக்கொண்டு ஆலைக்கு வருவதென்றால் மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கவேண்டும். வாகனங்களை ஏற்றி இறக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்போம். பாதையில் ஏறிய லொறியை நிறுத்த ஒரே வழிதான் எல்லாரும் அறிந்தது. இஞ்சினை நிறுத்து, முதலாம் கியரில் விடு. சக்கரத்தை இஞ்சினே பிடித்து வைத்திருக்கும். உப்புக் காற்றுத் தின்ற ஹேண்ட் பிறேக்கை அந்தக் காலத்தில் ஒரு சாரதியும் நம்பமாட்டான்.

இந்த லொறியில் முதன்முதல் நெல்லோடு வந்த அன்றைக்கும் அவர் அப்படியே செய்தார். பாதையில் ஏற்றினார், தடியை முன்னுக்குப் போகிற இடத்தில் விட்டார், இஞ்சினை நிறுத்தினார், இறங்கி வந்து என்னிடம் வெற்றிலை கேட்டார். கியர் இல்லாத லொறி அப்படி நிற்காது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாதை கரையை விட்டு நகர, பின்பக்கம் சற்றே தாழ்ந்தது. லொறி மெல்ல, ஒரு அவசரமும் இல்லாமல், பின்னாலேயே போய் வாவிக்குள் இறங்கியது.

ஆழமில்லாத இடம், ஆளுக்கு ஒன்றுமில்லை, லொறியையும் இழுத்துக் கரையேற்றினோம். நெல் மூட்டைகள் மட்டும் இரண்டு நாளில் முளைவிட்டன.

முதலாளி நல்ல மனிதர். கியரண்ணனைத் தனியே கூப்பிட்டார், நான் பக்கத்தில் நின்றேன்.

"ஹேண்ட் பிறேக் அறுந்து போச்செண்டு சொல்லு. நான் அதோட விட்டிர்றன்."

கியரண்ணன் மடியிலிருந்து லொறியைக் கிளப்பும் திறப்பை எடுத்தார்.

"அதில பழி போடேலா முதலாளி. நான் அதத் தொடவே இல்ல. லொறியிலயும் பிழையில்ல. எனக்குத்தான் அத ஓட்டத் தெரியா."

இதைச் சொல்ல அந்த மனிதருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். சொல்லிவிட்டுத் திறப்பை மேசையில் வைத்தார். எழும்பி வெளியே போனார். சாதாரணமாக, எல்லாரும் நடப்பதுபோல நடந்து போனார். தொண்டையில் சத்தம் இல்லை. நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். யாராவது அவரை வேலையை விட்டுத் துரத்தியிருந்தால் அவனைத் திட்டியாவது என் மனம் ஆறியிருக்கும். அவரை ஒருவரும் துரத்தவில்லை.

சில மாதம் கழித்து நானும் செல்லத்துரையும் அதே லொறியில் நெல்லோடு துறைக்கு வந்தோம். பாதையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார் கியரண்ணன். வருகிற வாகனத்துக்கெல்லாம் சக்கரத்தில் கட்டை வைப்பது அவர் பொறுப்பு. நாங்கள் இருவரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம். அவர் குனிந்து எங்கள் லொறிக்கும் கட்டை வைத்தார். காலால் உதைத்துப் பார்த்தார், மறுபடியும் வைத்தார்.

செல்லத்துரை கெஞ்சுகிற குரலில் கேட்டான்: "அண்ணன், அக்கரையில இறக்கக்குள்ள நீங்க ஒருக்கா ஓட்டுங்களன்."

"வேணாம் தம்பி. என்னக் கண்டா அது பயப்படும்."

பாதை புறப்பட்டது. கட்டைகள் அசையவில்லை. ஆனாலும் அவர் லொறியின் பின்பக்கம் போய், பலகையில் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றார். அந்தப் பாரத்தை ஒரு மனிதனின் தோள் தாங்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல. கட்டை இருக்கிறதுதானே அண்ணன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நானும் போய் அவர் பக்கத்தில் தோளைக் கொடுத்து, அக்கரை சேரும்வரை நின்றேன்.