துவைக்கிற கல்லில் எழுந்தருளிய நாகர்

முதலில் ஒரு மன்னிப்பு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். (அந்தப் பத்தாம் வகுப்பிலும் இரண்டு வருஷம் இருந்தேன்.) நான்கு பேர் கூடினால் அங்கே வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். மண், சாமி, பக்தி என்றெல்லாம் எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், அதைத் தப்பாகச் செய்து பார்த்தவன் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். திருவனந்தபுரத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டீ, காபி போட்டுக் கொடுப்பது என் வேலை. அங்கிருந்து ஏழு பஸ் நிறுத்தம் தள்ளி, தங்கமணி சேச்சியின் பெரிய வளாகத்தில் பதினாலு வருஷமாக ஒரு சின்ன வாடகை வீடு. நான், மனைவி செல்வி, பிளஸ் டூ படிக்கும் மகள் திவ்யா. சேச்சிக்கு எங்கள் வயதுதான் இருக்கும். ஆனாலும் வீட்டுக்காரர் ஆயிற்றே, அதனால் சேச்சி, அதாவது அக்கா.

எனக்கு ஒரு பிரச்சினை. கோயிலுக்குப் போக ஆசை, ஆனால் இங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். என் தொப்பையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் தைரியம் எனக்கு இல்லை. அதனால் இருபது வருஷமாக வெளியே செருப்புக்குக் காவலாக நின்றபடியே கும்பிட்டு வந்திருக்கிறேன். கூட்டம் இல்லாமல், சட்டையோடு, எனக்கே எனக்கு என்று ஒரு சின்ன வழிபாடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மனதுக்குள் ஒரு ஏக்கம்.

அந்த ஏக்கத்தை ஊதிவிட்டது ஆபீஸில் நடந்த ஒரு பயிற்சி. மன அழுத்தம் குறைப்பதற்காம். பயிற்சி கொடுக்க வந்தவர் கழுத்தில் இறகு மாலை, கையில் ஒரு மேளம். டீ கொண்டுபோன என்னையும் பிடித்து வட்டத்தில் உட்கார வைத்துவிட்டார். செருப்பைக் கழற்றச் சொன்னார். "பூமிக்கு நன்றி சொல்லுங்கள்" என்றார். (நாங்கள் இருந்தது ஆறாவது மாடி.) பிறகு மேளத்தைத் தட்டி ஏதோ மலைவாசிகள் பாட்டு என்று ஒன்றைப் பாடினார்.

மினி என்று ஒரு பெண் அங்கே வேலை பார்க்கிறாள். வயநாட்டு மலையில் பிறந்து வளர்ந்தவள். அவள் மெதுவாகக் கேட்டாள். "சார், இது யாரோட பாட்டு? அவங்ககிட்ட கேட்டுட்டா பாடுறீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே, "மண் எல்லாருக்கும் பொதுதானே?" என்றார்.

"மண் பொதுதான் சார். பாட்டு அவங்களோடது."

அவர் என் டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். நல்ல சூடான டீ. எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அன்று சாயங்காலம் வீட்டில் நடித்தே காட்டினேன். "அடுத்தவங்க சாமியைத் தூக்கிட்டு வந்து நம்மகிட்ட விக்கிறானுவ, பாத்தியா?" என்று செல்வியிடம் பொரிந்து தள்ளினேன்.

இதைச் சொன்ன அதே வாயை வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து நான் செய்ததுதான் கதை.

எங்கள் வளாகத்தின் தெற்கு மூலையில் சேச்சி குடும்பத்தின் காவு, அதாவது நாகருக்கென்று விட்ட சின்னக் காடு, இருக்கிறது. இடுப்பளவு சுவர், அதற்குள்ளே வெயிலே புகாத அளவுக்கு மரமும் கொடியும், நடுவில் பாசி பிடித்த நாகர் கற்கள். சேச்சி தினமும் சாயங்காலம் வாசலில் விளக்கு வைப்பார். வருஷத்தில் ஒரு நாள், ஆயில்ய நட்சத்திரத்தன்று, அவர்கள் சொந்தக்காரர்கள் கூடுவார்கள். மஞ்சளும் அரிசிமாவும் கலந்து படைப்பார்கள், தரையில் பாம்புக் கோலம் போடுவார்கள். பதினாலு வருஷமாக என் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். மரத்தையும் மண்ணையும் பாம்பையும் வெட்டாமல் தொடாமல் விட்டுவைப்பதே பூஜை. பூமிக்கு நன்றி சொல்ல இதைவிட வேறு என்ன வேண்டும்? நாமும் ஒன்று வைத்துக்கொண்டால் என்ன?

சேச்சியிடம் கேட்டிருக்கலாம். கூச்சம். (கேட்பதற்குக் கூச்சம், எடுப்பதற்குக் கூச்சம் இல்லை. என்னை மாதிரி ஆட்களின் கூச்சம் அப்படி ஒரு தினுசு.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை. செல்வியும் திவ்யாவும் வலியசாலையில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள், திரும்ப ராத்திரி ஆகும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வளாகமே தூங்கிக்கொண்டிருந்தது. குளியலறைக்குப் பின்னால் கிடந்த பழைய துவைக்கிற கல்லை உருட்டிக்கொண்டே போய், பின்பக்கம் காலியாகக் கிடந்த இடத்தின் நடுவில், நல்ல உயரமாகத் தெரிகிற மாதிரி நட்டேன். சோப்புத் தேய்ந்து பள்ளமான பக்கத்தை மண்ணுக்குள் புதைத்துவிட்டேன். மேலே மஞ்சள் பூசினேன். ஒரு பாக்கெட் முழுவதும். பிறகு காவுச் சுவர் ஓரம் போய், செருப்பைக் கழற்றிவிட்டு (மரியாதை முக்கியம்), கையை உள்ளே விட்டு ஒரு சின்னச் செடியைப் பிடுங்கினேன். ஒரு பிடி மண்ணும் எடுத்தேன். மண்ணைக் கல்லுக்கு அடியில் போட்டு, செடியைப் பக்கத்தில் நட்டேன். அரிசிமாவில் பாம்பு வரைந்தேன். அது புடலங்காய் மாதிரிதான் வந்தது. தலைப் பக்கம் கை தவறி மாவு கொட்டிவிட்டது. ஒரு விளக்கு ஏற்றி, சட்டையோடு கும்பிட்டேன். அன்று நான் அடைந்த நிம்மதி இருக்கிறதே, அது நிஜம். அதை மட்டும் இப்போதும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

திங்கள்கிழமை காலை ஆறே முக்கால். நான் குளியலறையில். வெளியே மண்வெட்டி வைக்கிற சத்தம், ஆட்கள் பேச்சு. பிறகு திடீரென்று அமைதி.

"அம்மா, ஓடி வாங்க! இங்க நாகர் இருக்காரு!"

கட்டட வேலைக்கு வந்திருந்த நாகர்கோவில் மேஸ்திரியின் குரல். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சேச்சியின் மகன் துபாயிலிருந்து திரும்பி வருகிறான், அவனுக்காக அந்தக் காலி இடத்தில் வீடு கட்டப் போகிறார்கள், திங்கள்கிழமை அஸ்திவாரம் தோண்டுகிறார்கள் என்று செல்வி என்னிடம் சொல்லியிருந்தாள். கிரிக்கெட் பார்த்துக்கொண்டே நானும் தலையாட்டியிருந்தேன்.

சேச்சி ஓடி வந்தார். "நாகரோ? எங்க காவு அங்ஙன அல்லே? இதாரு வச்சது?"

"யாரும் வைக்கலம்மா. சனிக்கிழமை நான் அளந்து பாக்கும்போது இங்க ஒண்ணும் கிடையாது. தானா வந்திருக்காரு. கோலத்தப் பாருங்க, அஞ்சு தலை!"

(கொட்டிப்போன மாவு.)

குளியலறை ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்தே நிமிஷத்தில் தெருவே கூடிவிட்டது. ஒருவர் நேற்றிலிருந்தே தாழம்பூ வாசனை வந்ததாகச் சொன்னார். இன்னொருவர் வாசனை மட்டுமா, சீறல் சத்தமே கேட்டது என்றார். மேஸ்திரி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "நாகர் இருந்த இடத்துல நான் மம்பட்டி வைக்க மாட்டேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

அதற்கு மேல் சேச்சி பேசியதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. போனில் மகனிடம், அழுதுகொண்டே. "மோனே, வீடு வேண்டா. காவுக்கு நம்ம மேல என்னவோ குறை. எனக்குப் பேடியா, பயமா இருக்கு. நீ அங்ஙனயே வேற வேலை நோக்கு."

எட்டு வருஷமாகப் பிள்ளை வருவான் என்று காத்திருந்த அம்மா. ஒரு துவைக்கிற கல்லால் அவனை வர வேண்டாம் என்கிறார்.

கதவைத் திறந்தேன். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் சோப்பு நுரை, பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கிறது. நாற்பது பேருக்கு முன்னால், சட்டை இல்லாமல்.

"சேச்சி... நாகரு..." குளிரில் உடம்பு ஆடியது.

மேஸ்திரி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சட்டென்று தலைப்பாகையை அவிழ்த்தார். "அண்ணாச்சி மேல சாமி வந்திருக்கு! எல்லாரும் தள்ளுங்க!" என்று கத்திவிட்டு, என் காலருகே குனிந்தார். "சாமி, குறை என்னன்னு சொல்லணும். இங்க வீடு கட்டலாமா, கூடாதா?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'கட்டலாம்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வீடு எழும்பியிருக்கும், சேச்சி சந்தோஷப்பட்டிருப்பார், என் மானமும் தப்பியிருக்கும். மரியாதை வேறு கூடியிருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சேச்சி என்னைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர். பதினாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை எனக்கானது இல்லை என்று தெரிந்தது.

"சேச்சி, அது நாங்க துணி துவைக்கிற கல்லு" என்றேன்.

யாரும் நம்பவில்லை. "சாமி சோதிக்குது" என்றார் ஒருவர். அதற்குள் செல்வி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், கல்லைக் கொஞ்சம் சாய்த்து அடியில் பார்த்தாள்.

"ஐயோ, என் கல்லு! சோப்புப் போடுற குழி இங்கனதான் இருக்கு! என்னத்தப் பண்ணி வச்சிருக்கீய?"

சிரிப்பு வெடித்தது. திவ்யா மட்டும் முகத்தை மூடிக்கொண்டாள். "அய்யே அப்பா, முதல்ல போய் ஷர்ட் போடுங்க!"

சேச்சி சிரிக்கவில்லை. கல்லை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தச் செடி எவிடேர்ந்து?"

"காவுலேர்ந்து. ஒரு பிடி மண்ணும்."

கூட்டத்தில் சிரிப்பு நின்றது.

"எங்க வீட்ல அடுப்பெரிக்க விறகு இல்லாத காலத்துலயும் அங்ஙேர்ந்து ஒரு சுள்ளி எடுத்ததில்ல அண்ணா. உதிர்ந்த இலையும் அங்ஙனேதான் கிடக்கணும்." என் பக்கம் திரும்பினார். "கேட்டிருந்தா தந்திருக்க மாட்டேன். அதானோ கேக்காதது?"

கூச்சம்தான் காரணம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவர் கேட்ட பிறகு அது அவ்வளவு நிச்சயமாக இல்லை. நுரை காய்ந்து உடம்பெல்லாம் அரித்தது.

"இறகு மாலை போட்டவரைச் சொன்னீயளே" என்றாள் செல்வி என் காதருகில். "அவராச்சும் மேளத்தைக் காசு குடுத்து வாங்கியிருப்பாரு."

காவில் பூஜை செய்கிற நம்பூதிரியைச் சேச்சி போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நாற்பது பேரும் கேட்டார்கள். "அதிகாரம் இல்லாதவர் நட்டால் கல் வெறும் கல்தான், பயப்பட ஒன்றும் இல்லை. எடுத்ததை எடுத்தவரே திருப்பிக் கொடுக்கட்டும், காவுக்கான பரிகாரத்தை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்." இதுதான் அவர் சொன்னது. போனை வைக்கும் முன்பு, "அந்த ஆள் முதலில் குளித்து முடிக்கட்டும்" என்றார்.

குளித்து முடித்து, சட்டை போட்டுக்கொண்டு, செடியையும் மண்ணையும் ஒரு வாழையிலையில் ஏந்திக்கொண்டு போனேன். சேச்சி மட்டும் காவுக்குள் போனார். நான் சுவருக்கு வெளியே நின்று நீட்டினேன். வாங்கி, செடியை இருந்த இடத்திலேயே ஊன்றி மண்ணை மூடினார். வெளியே வந்ததும் சொன்னார். "ஆயில்யத்துக்கு எங்க ஆளுக வரும். நீங்களும் வந்து இங்ஙன நில்லுங்க. ஜன்னல் வழியா நோக்க வேண்டா."

கல்லை நானே எடுத்தால்தான் வேலை தொடங்குவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். வரும்போது உருண்டு வந்த கல் போகும்போது உருள மறுத்தது. கூட்டம் கலையாமல் நின்று, "அண்ணாச்சி, ஏலேலோ" என்று உற்சாகப்படுத்தியது.

அன்று சாயங்காலம் செல்வி கேட்டாள். "பூமிக்கு ஏதாவது செய்யணும்னா, உங்ககிட்ட என்னதான் இருக்கு? யோசிங்க."

யோசித்துப் பார்த்தால் என்னிடம் இருந்தது டீத்தூள்தான். ஒரு நாளைக்கு முந்நூறு டீ போடுகிறேன். அத்தனை சக்கையையும் இருபது வருஷமாகக் குப்பையில் கொட்டியிருக்கிறேன். மண்ணில் விளைந்தது, மண்ணுக்குத் திரும்பவே இல்லை. இப்போது தினமும் கழுவி, ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். (கண்டக்டர்கள் மூக்கைச் சுளிப்பார்கள்.) கறிவேப்பிலை மரத்தடியில் போட்டுக் கிளறிவிட்டு, உள்ளங்கையை மண்மேல் கொஞ்ச நேரம் வைக்கிறேன். பாட்டு இல்லை, கோலம் இல்லை. "இன்னிக்கு இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். யாரிடமும் கேட்க வேண்டியதும் இல்லை, ஒளிக்க வேண்டியதும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கிடைத்த அதே நிம்மதி இதிலும் கிடைக்கிறது. கறிவேப்பிலையும் காடாக வளர்ந்திருக்கிறது.

சேச்சி மகனின் வீடு எழும்பிவிட்டது. நான் கல் நட்ட இடத்தில் அவர்கள் அடுக்களை. அவன் என்னைக் கூப்பிடுவதே 'நாகர் அங்கிள்' என்றுதான். நான் எங்காவது இரண்டு நிமிஷம் சும்மா நின்றால் போதும், "அம்மா, அப்பா எதையோ பிரதிஷ்டை பண்ணப் போறாரு, ஓடி வா" என்று திவ்யா கத்துவாள். அந்தக் கல் பழையபடி குளியலறைக்குப் பின்னால்தான் கிடக்கிறது. நாகர் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதில் துணி துவைக்கச் செல்விக்கு மனசு வரவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன், நான் கல்லை உருட்டி எடுத்ததற்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஏழு மணிக்கு ஆட்கள் வந்து அஸ்திவாரம் தோண்டினார்கள். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் லீவு போட்டேன்.