ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பசி

ஒரு காட்டில் எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். அதனால் ஒரு முள்ளெலியும் அவளுடைய மூன்று பிள்ளைகளும் பட்டினி கிடந்தார்கள். அது எப்படி என்பதுதான் கதை.

காட்டின் நடுவே மணிக்கூண்டு வைத்த ஒரு கோயில். போதகர் கரடி. சபைச் செயலாளர் நரி, பெயர் தேவஇரக்கம். நரி என்றதும் தந்திரத்தை எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். தேவஇரக்கம் ஒருவரையும் ஏமாற்றியதில்லை. யாருடைய கஷ்டத்தைக் கேட்டாலும் அவருக்குக் கண் கலங்கிவிடும். தூரத்துக் கஷ்டம் என்றால் இன்னும் சீக்கிரம் கலங்கும்.

ஒரு நாள் தலைமைச் சபையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. இந்த வருஷம் உலகத்தில் பசியை ஒழிக்க வேண்டும், ஒவ்வொரு சபையும் ஊழியர் குழு அமைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கூடவே ஒரு வரைபடம். பசி இல்லாத இடம் பச்சை, பசி உள்ள இடம் சிவப்பு. அந்தக் காடு முழுவதும் நல்ல பச்சையாக இருந்தது. கிழக்கே ஓடுகிற ஓடையைத் தாண்டியதும் சிவப்பு ஆரம்பித்தது.

"இவ்வளவு பக்கத்துலயா!" என்று தேவஇரக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு பேர் குழுவில் சேர்ந்தார்கள். முதல் கூட்டத்தில் பனியனின் நிறத்தை முடிவு செய்தார்கள். இரண்டாம் கூட்டத்தில் அந்த நிறத்தை மாற்றினார்கள். மூன்றாம் கூட்டத்தில், பஜ்ஜி வந்த பிறகு, பெண்கள் சங்கத் தலைவியான காட்டுக்கோழி ரோஸ்லின் அம்மாள் எழுந்தார்.

"நம்ம பழைய பிடி அரிசி இருக்கே. அதையே செய்வோம். ஒவ்வொரு வீட்டுலயும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து டப்பாவில போட்டுறணும். ஞாயிற்றுக்கிழமை கொண்டாந்து மூட்டையில தட்டணும். மூட்டை ஓடைக்கு அந்தப் பக்கம் போகும்."

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. வீட்டுக்கு ஒரு மஞ்சள் டப்பா கொடுப்பதென்று தீர்மானம் ஆயிற்று.

"இன்னொண்ணு," என்றார் ரோஸ்லின் அம்மாள். "கோயில் பெருக்குற பாக்கியத்தாய்க்கு வாரம் அரைப் படி குருணை கொடுக்கோம். உலகத்துப் பசி ஒழியுற வரைக்கும் கால் படியாக் கொடுக்கலாமே. மிச்சத்த மூட்டையில போட்டா, அவளும் இதுல பங்கெடுத்த மாதிரி இருக்கும்."

எல்லோரும் கை தட்டினார்கள். விளக்குமாற்றோடு வாசலில் நின்ற முள்ளெலி பாக்கியத்தாயும் தட்டினாள். அத்தனை பேரும் தட்டும்போது சும்மா நிற்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பாக்கியத்தாய் கோயில் மதிலுக்குப் பின்னால் குடியிருந்தாள். புருஷன் இல்லை. அந்த வருஷம் மழையும் இல்லை. மண்ணைக் கிளறினால் மண்தான் வந்தது. கால் படி குருணையை நான்கு வாய்க்கு ஏழு நாள் ஓட்ட வேண்டும். அவளுக்கும் ஒரு மஞ்சள் டப்பா கொடுத்திருந்தார்கள். உலை வைக்கும்போதெல்லாம் அவளும் ஒரு பிடி எடுத்துப் போட்டாள். முள்ளெலியின் பிடி என்பது அதிகம் இல்லைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பார்கள். கொடுக்காதவர்கள் பெயரையும் வாசிப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை உலை வைக்க ஒன்றும் இல்லை. கடைக்குட்டி அழுவதை நிறுத்தியிருந்தது. அது அழுதுகொண்டிருந்தபோது இருந்ததைவிட அவளுக்கு இப்போதுதான் பயமாக இருந்தது. அலமாரியில் மஞ்சள் டப்பா இருந்தது. அதில் ஐந்து பிடி குருணை இருந்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு கோயில் அலுவலகத்துக்குப் போனாள்.

தேவஇரக்கம் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

"வாம்மா பாக்கியத்தாயி. என்ன, ஞாயித்துக்கிழமை கொண்டுவர்றத இன்னைக்கே கொண்டாந்துட்டியா?"

"இல்ல ஐயா. ஒரு சங்கதி கேக்கணும். இந்த டப்பாவுல உள்ளத நான் காய்ச்சிக்கிடலாமா? பிள்ளைங்க நேத்திலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

நரி பதறிப் போனார். "ஐயோ, அது உன்னோடது இல்லையேம்மா. பசிச்சவங்களோடது."

"நாங்களும் பசிச்சவங்கதான் ஐயா."

இதை அவர் யோசிக்கவில்லை. உடனே மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இரு, முறையாவே பாத்துருவோம். பெயர் எழுதியாச்சு. பிள்ளைங்க மூணு. எந்த தேசம்?"

"மதிலுக்குப் பின்னால ஐயா."

"அது இதுல இல்லையே." அவர் படிவத்தைத் திருப்பியும் பார்த்தார். பிறகு சுவரில் ஒட்டிய வரைபடத்தில் மதிலுக்குப் பின்னால் உள்ள இடத்தை நகத்தால் தொட்டார். "பாரு, பச்சையா இருக்கு. பச்சைக்குக் கொடுத்துட்டு மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அவர் தலைமைச் சபைக்கு போன் போட்டார். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. பசிக்கு நான்கை அழுத்தச் சொன்னது. நான்கை அழுத்தியதும் ஒரு பாட்டு வந்தது. பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியது.

"நாளைக்கு உபவாச ஜெபம் வச்சிருக்கோம்மா," என்றார் நரி, போனைக் காதிலிருந்து எடுக்காமல். "பட்டினியா இருந்து, பசிச்சவங்களுக்காக ஜெபிக்கோம். நீயும் வாயேன்."

"நாங்க நேத்தே ஆரம்பிச்சிட்டோம் ஐயா."

நரிக்கு மறுபடி கண் கலங்கியது. பாக்கியத்தாய் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தா கொடுப்பீங்களா ஐயா?"

"அந்தப் பக்கம் இருந்தா, கேக்கவே விட்டிருக்க மாட்டேனேம்மா! நானே வீடு தேடி வந்திருப்பேன்."

பாக்கியத்தாய் டப்பாவை அவர் மேசையில் வைத்தாள். ஐந்து பிடி என்று சொல்லி, சீட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கு நடந்தாள்.

ஓடையின் குறுக்கே ஒரு பனந்தடி கிடந்தது. அதில் பாதி தூரம் போனபோது எதிரே ஒரு உடும்பு வந்தார். முதுகில் இரண்டு குட்டிகள். மூவருக்கும் வயிறு ஒட்டியிருந்தது.

"வழி விடும்மா. நாங்க அந்தக் கரைக்குப் போகணும்," என்றார் உடும்பு.

"அங்க என்ன வேலை?"

"சோறு கொடுக்காங்களாம். எங்க கோயில்ல படம் போட்டுக் காட்டினாங்க. உங்க கரை பூரா ஒரே சிவப்பு."

"எங்க கோயில்ல உங்க கரைதான் சிவப்பு."

உடும்பு, நழுவிய குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டார்.

"நீங்க எங்க ஊருக்குப் போனா யாரப் பாப்பீங்க?" என்று பாக்கியத்தாய் கேட்டாள்.

"யாரப் பாக்கணும்?"

"தேவஇரக்கம்னு ஒரு நரி. தங்கமான மனுஷன். அழுவாரு. அழுது முடியுற வரைக்கும் நில்லுங்க."

"எங்க ஊர்ல ஒரு கீரி. அழ மாட்டாரு. படம் புடிப்பாரு. பிள்ளைங்கள முன்னால நிப்பாட்டு."

ஒருவரையொருவர் தாண்டிப் போனார்கள். முள்ளெலியைத் தாண்டுவது உடும்புக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

அந்தக் கரையிலும் ஒரு கோயில், மணிக்கூண்டு, வேறு நிறப் பனியன் போட்ட பன்னிரண்டு பேர். செயலாளர் கீரி ஓடி வந்தார்.

"எந்த தேசம்?"

"அந்தக் கரை ஐயா."

அவ்வளவுதான். மேளம் வந்தது. மாலை வந்தது. பிள்ளைகளை முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பிறகு பந்தியில் உட்கார வைத்து இலை போட்டார்கள். ஓடைக்கு அப்பாலிருந்து யாரோ நல்லவர்கள் அனுப்பிய மூட்டையைப் பிரித்துப் பொங்கியிருப்பதாகக் கீரி ஒலிபெருக்கியில் சொன்னார்.

பாக்கியத்தாய் இலையிலிருந்த சோற்றைக் கையால் அளைந்து பார்த்தாள். முழு அரிசிக்கு நடுவே குருணை கிடந்தது. சபையில் அவளைத் தவிர யாரும் டப்பாவில் குருணை போடுவதில்லை.

"சாப்பிடுங்க பிள்ளைங்களா," என்றாள். "நம்ம வீட்டு அரிசிதான்."

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் அவள் அந்தக் கரைக்குப் போனாள். உடும்பு இந்தக் கரைக்கு வந்தார். பனந்தடியின் நடுவில் இருவரும் ஒரு நிமிஷம் நின்று, இந்த வாரம் சாம்பாரா ரசமா என்று சொல்லிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் திரும்பி வந்து கோயிலைப் பெருக்கினாள்.

ஒரு ஞாயிறு ஆராதனையில், ஓடைக்கு அப்பாலிருந்து வந்த படங்களை தேவஇரக்கம் திரையில் காட்டினார். மூன்று குட்டிகளோடு மாலை போட்ட ஒரு முள்ளெலி திரை முழுக்க நின்றாள். சபை விம்மியது.

"ஐயோ, எப்படி ஒடுங்கிப் போயிருக்கா பாருங்க," என்றார் ரோஸ்லின் அம்மாள். "கொஞ்சம் நம்ம பாக்கியத்தாய் சாயல்."

"சே, நம்ம பாக்கியத்தாய் இவ்வளவு மோசம் இல்ல," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பாக்கியத்தாய் கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். திரையில் இருந்தவளைப் பார்க்க அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

இரண்டு சபைகளின் அறிக்கைகளும் தலைமைச் சபைக்குப் போயின. மேலிடம் பூரித்துப் போனது. பனந்தடி இருந்த இடத்தில் சிமெண்டுப் பாலம் கட்டி, கல்வெட்டு வைத்து, இரண்டு சபைகளையும் ஒரே வட்டமாக இணைத்தார்கள். போதகர் கரடி ஒன்றரை மணி நேரம் ஜெபித்து வைத்தார். தேவஇரக்கத்துக்கும் கீரிக்கும் கேடயம் கொடுத்தார்கள். புது வரைபடம் வந்தது. இப்போது ஓடையின் இரண்டு பக்கமும் பச்சை. வடக்கே, மலைக்கு அப்பால் மட்டும் சிவப்பு.

அந்தச் சனிக்கிழமை பாக்கியத்தாய் பிள்ளைகளோடு போனபோது கீரி மிகவும் வருத்தப்பட்டார்.

"அம்மா, நீங்க இப்ப உள்ளூராயிட்டீங்களே."

அவள் திரும்பி வந்தாள். பாலத்தின் நடுவில் உடும்பு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவரையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"அந்த மலையைத் தாண்ட எத்தனை நாள் நடக்கணும்?" என்று கேட்டாள்.

"ஏழு நாள்ங்காங்க."

"போற வழியில பசிக்குமே."

"பசிச்சாத்தானே கொடுப்பாங்க."

கடைக்குட்டி மறுபடி அழுவதை நிறுத்தியிருந்தது. பாக்கியத்தாய் அதைப் பார்த்தாள். ஏழு நாள் அதனிடம் இல்லை. பிறகு மலை இருக்கும் திசையைப் பார்த்தாள்.

"அண்ணே, நாம மலைக்கு அந்தப் பக்கம் போகாண்டாம்," என்றாள். "அந்தப் பக்கத்துலேருந்து வந்தாப் போதும்."

இரண்டு குடும்பமும் மலையடிவாரம் வரை நடந்தன. அங்கே ஒரு புளியமரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்தன. உடும்பு எல்லோர் மேலும் செம்மண்ணைத் தூவினார். பிறகு, வந்த வழியே இறங்கி வந்தார்கள்.

வடக்கே தூசியைக் கண்டதும் கோயில் மணி அடித்தது. பனியன்கள் ஓடி வந்தன. ரோஸ்லின் அம்மாள், புரியட்டும் என்று, "வா-ங்-க! உ-க்-கா-ரு-ங்-க!" என்று ஒவ்வோர் எழுத்தாகக் கத்தினார். கையை வாயருகே கொண்டுபோய்ச் சாப்பிடுவதுபோல் காட்டினார். கரடி அவர்களுடைய பயணத்துக்காக ஸ்தோத்திரம் சொன்னார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேவஇரக்கம் படிவத்தோடு வந்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்று முதலில் கேட்டார்.

அத்தனை வருஷமாக அவருடைய அலுவலகத்தைப் பெருக்கியும் அந்தக் கேள்வி அவள் காதில் விழுந்ததில்லை.  இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"எந்த தேசம்?"

"மலைக்கு அந்தப் பக்கம்."

நரியின் பேனா நின்றது. அந்தக் குரல் அவருக்குத் தெரியும். செம்மண்ணை மீறி கோயில் தரையின் பினாயில் வாசனை அடித்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். கடைக்குட்டியைப் பார்த்தார். தேவஇரக்கம் வாழ்நாளில் பொய் எழுதியதில்லை.

மெதுவாக, அழகான கையெழுத்தில், 'மலைக்கு அந்தப் பக்கம்' என்று எழுதினார். அந்த முறை அவர் அழவில்லை.

இலை போட்டார்கள். சோறு வந்தது. பிள்ளைகள் சாப்பிட ஆரம்பித்தார்கள். தேவஇரக்கம் குழம்பு வாளியோடு பந்தியில் வந்து, பாக்கியத்தாயின் இலைக்கு முன்னால் குனிந்தார்.

"நல்லா சாப்பிடுங்கம்மா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்குக் கோயில் பெருக்க ஆள் வந்துரும்ல?" என்று கேட்டார்.

"வந்துரும் ஐயா," என்றாள்.

நீதி: பசிக்கிறவர்கள் முதலில் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்க வேண்டும்.