இரண்டு அண்ணன்களை ஒன்றாக்கிய மென்பொருள்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் உடம்புக்குக் குறைவில்லாமல், பேச்சுவார்த்தை மட்டும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் மூவரின் நலம் அறிய ஆவல். இதைக் கையால் எழுதும் காரணம் படிக்கப் படிக்கப் புரியும்.

போன தடவை வந்தபோது எங்கள் போன்களுக்காகக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளைப் போட்டு, "ஒயரைச் செருகினாப் போதும் மாமா, மத்ததை அதுவே பார்த்துக்கும்" என்றீர்கள். நன்றாகவே பார்த்துக்கொண்டது. என் போனைச் செருகினேன், அடுத்து அத்தையின் போனைச் செருகினேன், 'ஒரே பெயர் இரண்டு முறை உள்ளது, இணைக்கலாமா?' என்று கேட்டது, கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிற நான், மரியாதையாகக் கேட்கிறதே என்று 'சரி' கொடுத்துத் தொலைத்தேன். என் போனில் 'அண்ணன்' என்றால் என் அண்ணன், அத்தை போனில் 'அண்ணன்' என்றால் அவள் அண்ணன், அதாவது என் மச்சான். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். உங்கள் மென்பொருள் இருவரையும் ஒரே ஆளாக்கி இரண்டு போனிலும் ஏற்றிவிட்டது.

மறுநாள், முட்டி வைத்தியத்துக்கு மச்சான் வந்து தங்கப்போவதாக அத்தை சொன்னாள். உடனே என் அண்ணனுக்கு ஒரு செய்தி தட்டினேன்: 'மச்சான் வர்றார், குறட்டையில சன்னல் அதிரும். உடம்பு சரியில்லைன்னு சொல்லி என்னை அங்க கூப்பிடுண்ணே.' அது மச்சானுக்குப் போயிற்று. அவர் பெட்டியோடு வாசலில் நின்று, "உடம்பு சரியில்லதான் மாப்ளே, ஆனா உங்களை எங்க கூப்பிடுறது? நானே இங்க வந்துட்டேனே" என்றார். அத்தை என் போனைப் பிடுங்கிப் படித்தாள். "நீங்க தூங்குறப்ப பக்கத்து வீட்ல சுவத்தைத் தட்டுறாங்களே, அது எதுக்காம்?" என்றதோடு பேச்சு நின்றது. இப்போ கட்டின பெண்டாட்டிகிட்ட உப்பு கேட்க மச்சான்கிட்ட மனு போட வேண்டியிருக்கு. அந்த மனுஷனோ குறட்டை வந்துருமோன்னு பயந்து நாற்காலியில உட்கார்ந்தே தூங்குறார். அதைப் பார்த்தா எனக்குச் சோறு இறங்கல. நீங்கள் உடனே வந்து அந்த மென்பொருளை வேரோடு பிடுங்கி எறியவும்.

மகளுக்கும் பேத்திக்கும் ஆசிகள். உங்கள் பெற்றோருக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
பேச ஆளில்லாத மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அத்தையின் போன், துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்து செத்துப்போனது. பேத்தி முதன்முதலாக நடந்த படம் போச்சே என்று அவள் அழ, மச்சான்தான் கம்ப்யூட்டரைத் திறந்தார். உங்கள் மென்பொருள் நகலெடுத்து வைத்ததெல்லாம் பத்திரமாக இருந்தது. ஆகவே அதைத் தொட வேண்டாம். மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க, மறைக்குது" என்றாள் அத்தை. என்னிடம்தான் சொன்னாள்.