முள்ளம்பன்றியின் காரும் லிட்டருக்கு இருபத்தாறும்

ஒரு காட்டில், கார் ஷோரூமும் பெட்ரோல் பங்கும் வந்துசேர்ந்து, காலேஜ் மட்டும் இன்னும் இரண்டு மலை தள்ளியே இருந்த ஒரு காட்டில், நன்மாறன் என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்துவந்தது. அதன் குலத்தில் பட்டம் வாங்கிய முதல் முள்ளம்பன்றி அதுதான். மற்றவர்களுக்கு ஏமாந்துதான் பழக்கம். விதைக்கிழங்கு வாங்கினால் பாதி அழுகியிருக்கும். குடை வாங்கினால் மழைக்கு முன்பே கம்பி கழன்றிருக்கும். கையெழுத்துப் போட்ட இடத்துக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

நன்மாறன் கார் வாங்கப்போகிறது என்ற செய்தி பரவியதும் சித்தப்பா வீட்டுக்கு வந்தது. கூடவே தன் மகள் பூங்கோதையையும் அழைத்துவந்தது.

“அண்ணே, இது காலேஜ் காலேஜ்னு உயிரை எடுக்குது. நான் ஒண்ணு சொல்றேன். உன் மகன் ஏமாறாம கார் வாங்கிட்டு வரட்டும். படிப்புல ஏதோ இருக்குன்னு ஒத்துக்கிறேன், இதையும் சேர்த்துவிடறேன். ஏமாந்து வந்தா, இது என்கூடக் கிழங்கு தோண்ட வரட்டும்.”

“ஏமாந்தானா இல்லையான்னு எப்படித் தெரியும்?” என்றது அப்பா.

“லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குதுன்னு கேட்டாப் போதும். என் மொபெட் எழுபது கொடுக்குது.”

சித்தப்பா மேட்டில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போகும். இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிடும். எனவே அந்தக் கணக்கில் குறை சொல்ல முடியாது.

பூங்கோதை வாசல்வரை வந்து, “நல்லாக் கேட்டு வாங்குங்கண்ணா” என்றது.

ஷோரூமில் நரி டை கட்டியிருந்தது. மேடையில் சிவப்பு நிறக் கார் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

“இது டாப் மாடல் சார். நீங்க கேட்டது பேஸ் மாடல். அதுவும் இதே கார்தான்.”

“அதுல பாட்டு கேட்க முடியுமா?”

“ஸ்பீக்கர் வைக்க ஓட்டை இருக்கு சார்.”

“பின் கண்ணாடிக்கு வைப்பர்?”

“போனதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது சார்.”

“மைலேஜ்?”

“இருபத்திநாலு.”

“எந்த ரோட்டுல?”

நரி பேனாவைக் கீழே வைத்தது. அந்தக் கேள்வியை அதனிடம் யாரும் கேட்டதில்லை. “சோதனை பண்ற எடத்துல சார். அங்க மேடு பள்ளம் கிடையாது. ஏசி போட மாட்டாங்க. எதிர்ல வண்டியும் வராது.”

“அது எங்க இருக்கு?”

“நமக்குத் தெரியாது சார். ரொம்ப நல்ல எடம்னு சொல்வாங்க.”

நன்மாறன் எல்லாத் தாள்களையும் இரண்டு முறை படித்தது. நரி நீட்டிய சீட் கவர், வாசனை டப்பா, மேல்பூச்சு எல்லாவற்றையும் வேண்டாம் என்றது. கால்மிதி மட்டும் வாங்கிக்கொண்டது, நரியின் முகம் பாவமாக இருந்ததால்.

கார் கொடுக்கும் நாளில் அட்டையில் செய்த பெரிய சாவியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டியில் பெட்ரோல், பங்க்வரை போகுமளவுக்குத்தான் இருந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. முட்கள் அதில் தாமாகவே காற்றுக்கு வழி செய்துகொண்டன.

நன்மாறன் டாங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தது. பதினான்கு. ஏசியை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தது. பதினான்கரை.

பக்கத்துப் புதரில் யானை ஒன்று அதே காரை வைத்திருந்தது. அதனிடம் போய்க் கேட்டது.

“இருபத்தாறு தம்பி.”

“நீங்க உள்ளே உட்கார்ந்த பிறகுமாண்ணே?”

“உட்கார்றதுக்கு முன்னாடி.”

வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூஜை. குலமே வந்திருந்தது. சித்தப்பா காரைச் சுற்றிவந்தது. டயரை உதைத்துப் பார்த்தது. கதவைத் திறந்து மூடி, சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டியது. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “எவ்வளவு கொடுக்குது?” என்றது.

நன்மாறன் அதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை. “பதினாலு” என்றது.

சித்தப்பா கோபப்படவில்லை. நிம்மதி அடைந்தது போலவே இருந்தது. மகளைப் பார்த்து, “காலையில சீக்கிரம் எந்திரி” என்றது. பூங்கோதை ஸ்பீக்கர் இல்லாத ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது அப்பா, “என்னப்பா சொன்ன? எனக்குச் சரியாக் கேக்கல” என்றது.

மண்ணுக்கடியில் கறையான் நடப்பது கேட்கும் காது அப்பாவுக்கு. நன்மாறன் அப்பாவைப் பார்த்தது. அப்பா காரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இருபத்தாறுன்னு சொன்னேன்ப்பா.”

“பதினாலுன்னு இப்பத்தானே சொன்ன?” என்றது சித்தப்பா.

“அது டாப் மாடல், சித்தப்பா. என் தலையில கட்டப் பார்த்தாங்க. எந்த ரோட்டுலன்னு ஒரு கேள்வி கேட்டேன். நரி பேனாவைக் கீழ வெச்சிடுச்சு.”

கடைசி இரண்டு வாக்கியங்களும் உண்மை என்பதில் நன்மாறனுக்குச் சற்று ஆறுதல் இருந்தது.

சித்தப்பா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. “இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன், பிள்ளைங்களைப் படிக்க வைக்கணும்னு.”

பூங்கோதை காலேஜில் சேர்ந்தது. படித்தது, வேலைக்குப் போனது, சில வருடம் கழித்து அதுவும் ஒரு சின்னக் கார் வாங்கியது. பூஜைக்குக் குலமே வந்திருந்தது. இந்த முறை அத்தை தன் மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு முன்னால் வந்து, “எவ்வளவு கொடுக்குது?” என்றது.

பூங்கோதை அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு முறை பார்த்தது.

“முப்பது, அத்தை.”

யோசிக்கவே இல்லை. நன்மாறன் அப்பாவின் காதருகே குனிந்து, “நல்ல காலேஜ்தான்” என்று மெதுவாகச் சொன்னது.

அப்பாவுக்கு அது ஒரே தடவையில் கேட்டது.

நீதி: ஒரு கார் லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பது, கேட்பவர் வீட்டில் படிக்க வேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது.